டியூ-142 வால் பீரங்கியா, வல்கனா, ஒற்றைக் குழலா?

அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2017 மார்ச் வரை பறந்த ரஷ்ய டியூ-142 கண்காணிப்பு விமானத்தின் வாலில் ஜிஎஸ்எச்-23 என்ற இரட்டைக் குழல் ரஷ்யப் பீரங்கி இரண்டு இருந்தன. அதன் இடத்துக்கு வந்த பி-8ஐ-யில் பீரங்கியே கிடையாது. ஆனால் அதே ஜிஎஸ்எச்-23 தேஜஸ் போர் விமானத்தில் இன்னும் உண்டு. "அமெரிக்காக்காரனின் ஆறு குழல் வல்கன் பீரங்கி நிமிடத்துக்கு 6000 சுடும், ரஷ்யாக்காரனுடையது பாதிதான்" என்று வேலூர்ப் பக்கம் விமானப் பைத்தியங்கள் வாதாடுவதைக் கேட்கலாம். நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வல்கன் பொருத்திய அமெரிக்க எஃப்-16 போர் விமானத்தில் ஏறுவதே 511 தோட்டா. ஐந்து விநாடியில் தீர்ந்துவிடும். விமானி விசையை அழுத்துவது ஒரு விநாடி, சில சமயம் அதிலும் பாதி.

எனவே விநாடிக்கு எத்தனை கிலோ குண்டு போகிறது என்று பாருங்கள். 20 மி.மீ. வல்கனின் குண்டு சுமார் 100 கிராம். விநாடிக்கு 100 என்றால் 10 கிலோ. மிக்-29, சுகோய்-30 இரண்டிலும் உள்ள ஜிஎஸ்எச்-30-1 ஒற்றைக் குழல்தான். விநாடிக்கு 25 சுட்டாலும் ஒவ்வொன்றும் 390 கிராம். கிட்டத்தட்ட அதே 10 கிலோ. பீரங்கியின் எடையோ 46 கிலோ, வல்கன் 112. அதோடு வல்கனின் ஆறு குழலும் வெளி மோட்டாரால் சுழன்று வேகம் பிடிக்க வேண்டும், ஆகவே முதல் அரை விநாடியில் 50 குண்டு முழுதாக வராது. ஒற்றைக் குழலுக்கு அந்தத் தாமதம் இல்லை. அதற்கான விலை சூடு: நீராவியாகும் தண்ணீரால் குளிர்வித்தும், குழல் சுமார் 2000 குண்டில் தேய்ந்துவிடும்.

வல்கனுக்கு வேறொரு பலம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மோட்டார் அதை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகும். ஜிஎஸ்எச்-23 அப்படியில்லை. இரட்டைப் பிள்ளைகள் போல ஒரு குழல் சுடும் விசைதான் மற்றதற்குத் தோட்டா ஏற்றும்; 1916-இல் ஜெர்மானியர் கார்ல் காஸ்ட் கண்ட வழி இது. ஒன்று நின்றால் இரண்டும் நிற்கும், சிறு வெடிமருந்துத் தோட்டா வெடித்துத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். 50 கிலோ எடைக்கு விநாடிக்கு 50 குண்டு என்பது அபாரம்தான், ஆனால் குண்டு நிதானமாகப் போகிறது: விநாடிக்கு 715 மீட்டர், வல்கனில் 1050. காற்றுத் தடையை விட்டுவிட்டாலும் 600 மீட்டர் தூரத்துக்கு 0.27 விநாடி கூடுதல், 900 கி.மீ. வேகத்தில் போகும் இலக்கு அதற்குள் 67 மீட்டர் நகர்ந்துவிடும். அத்தனை முன்னால் குறி வைக்கத் தெரிய வேண்டும்.

மூன்றாவது வகை ரிவால்வர்: குழல் ஒன்று, பின்னால் சுழலும் அறைகள் பல. பழைய பிரிட்டிஷ் போர் விமானமான ஹண்டரின் ஏடன் பீரங்கி, ரஃபேலின் 30 மி.மீ. பீரங்கி இரண்டும் இதுதான். முதல் குண்டிலிருந்தே கிட்டத்தட்ட முழு வேகம். ஆரம்பகால ஹண்டர்களில் வெடிப்புப் புகை இஞ்சினுக்குள் போய் அது திணறியது. சுடும்போது எரிபொருளைக் குறைக்கும் அமைப்பை வைத்தே சரிசெய்தார்கள். ரஃபேல் பீரங்கி விநாடிக்கு 1025 மீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 2500 அனுப்பும். இருப்பு 125 தோட்டா, அதாவது மூன்றே விநாடி. அந்த மூன்று விநாடிக்கு நான் ரஃபேலைத்தான் எடுப்பேன்; எடைக்குக் கட்டுப்பாடுள்ள சின்ன விமானமென்றால் ஜிஎஸ்எச்-30-1.