ஆக்டிவா திருட்டு போய் ஜூபிடர் எடுத்தாச்சு, தருமபுரில ஸ்கூட்டர் தேடுறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வரேன். என் ஆக்டிவா திருட்டு போச்சு, அதுக்கு பதிலா டிவிஎஸ் ஜூபிடர் 110 எடுத்திருக்கேன், அதுலயும் முன்னாடி டிஸ்க் பிரேக் வர்ற டாப் மாடல். வண்டி நல்லாருக்கு, குறையும் இருக்கு, எல்லாம் கீழ சொல்றேன். ஆனா ஒண்ணு, வண்டி திருட்டு போனவங்க அடுத்த வண்டி எடுக்கறதுங்கறது வேற சமாச்சாரம். சும்மா பழசு போரடிச்சு போச்சுன்னு மாத்துறவங்களுக்கு எக்ஸ்சேஞ்சுக்கு குடுக்க ஒரு வண்டி இருக்கும், ஆடி ஆஃபர் தீபாவளி ஆஃபர்னு காத்திருக்க டைம் இருக்கும், நமக்கு நாளைக்கு காலைல பஸ்ஸுக்கு நிக்கணும்.

நான் இண்டூர் பக்கம், தருமபுரி டவுன்ல சின்னதா ஒரு டெய்லரிங் கடை. தினமும் போக வர வண்டிதான், துணிப்பை ரெண்டு மூணு எப்பவும் கூடவே வரும். 2021ல எடுத்த ஆக்டிவா, முகூர்த்த நாள் அன்னைக்கு ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல ஹேண்டில் லாக் போட்டு நிறுத்துனது, சாப்ட்டுட்டு தாம்பூலப் பையோட வெளிய வந்தா வண்டி நின்ன இடத்துல வேற யாரோ பல்சர் நிறுத்தி வச்சிருக்காங்க. அவ்ளோதான் கதை.

இதுக்கப்புறம் பாக்குறவங்க எல்லாம் சொன்ன ஒரே விஷயம் "இந்த தடவ லாக் நல்லா இருக்கற வண்டியா எடு"ங்கறதுதான். தம்பி ஒரே பிடியா ஹோண்டாவோட எச் ஸ்மார்ட் ஆக்டிவாதான் எடுக்கணும்னு நின்னான். 2023 ஜனவரில வந்த மாடல் அது, சாவிக்கு பதிலா ரிமோட் மாதிரி ஒண்ணு குடுக்கறாங்க, அது பக்கத்துல இல்லன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, அதுக்கு பேருதான் இம்மொபிலைசர். கேக்க நல்லாதான் இருந்துச்சு. நானும் கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன், ஆனா எங்க மெக்கானிக் அண்ணன் ஒண்ணு சொன்னாரு, "ஏம்மா, அவன் ஸ்டார்ட் பண்ணிதான எடுத்துட்டு போக முடியாது, ராத்திரில ரெண்டு பேர் தூக்கி குட்டி யானைல ஏத்திட்டு போனா ரிமோட் உன் கைப்பைலயே இருக்கும்". நூறு கிலோ சொச்சம் வண்டி, ரெண்டு ஆம்பளைங்களுக்கு அது ஒரு வெயிட்டே இல்ல. அதுக்காக இம்மொபிலைசர் வேஸ்ட்டுன்னு சொல்ல வரல, பத்து நிமிஷம் வண்டிய வச்சிட்டு மருந்து கடைக்குள்ள போறப்ப எவனாவது தள்ளிட்டு போய் ஸ்டார்ட் பண்றத அது கண்டிப்பா தடுக்கும். ஆனா லாக்குக்காக மட்டும் நமக்கு ஒத்துவராத வண்டிய வாங்கி அஞ்சு வருஷம் ஓட்டுறது எனக்கு சரின்னு படல. திருடன நெனச்சு வண்டி எடுத்தா அவனுக்காக எடுத்த மாதிரிதான் ஆகும். நம்ம வேலைக்கு எது சரியோ அத எடுத்துட்டு, பயத்துக்கு உண்டான காச இன்சூரன்ஸ்ல போடலாம்ங்கறதுதான் என் கட்சி.

இன்சூரன்ஸ்னு சொன்னதும் நிறைய பேரு "அதான் 5 வருஷத்துக்கு இருக்கே"ன்னு சொல்றாங்க. எங்க தெருவுலயே ஒருத்தர் அப்படி நெனச்சு ஏமாந்தாரு. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூ வீலருக்கு 5 வருஷம் போடறது தர்ட் பார்ட்டி மட்டும்தான், அதாவது நாம யாரையாவது இடிச்சிட்டா அவங்களுக்கு. நம்ம வண்டி திருட்டு போனா அதுல ஒரு பைசா வராது. திருட்டுக்கு ஓன் டேமேஜ்னு ஒண்ணு தனியா இருக்கு, அது பெரும்பாலும் மொத வருஷம்தான் சேர்ந்து வரும், அப்புறம் வருஷா வருஷம் நாமளா புதுப்பிக்கணும், ஷோரூம்காரன் போன் பண்ணி ஞாபகப்படுத்துவான்னு எதிர்பாக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு ஓசூர்ல கம்பெனி வேலை, இந்த பேப்பர் விஷயத்துல எல்லாம் ரொம்ப கறார், வருஷா வருஷம் கட்டிட்டே வந்திருக்காரு, அதனாலதான் எனக்கு க்ளைம்னு ஒண்ணு இருக்கு.

அதுலயும் முழு பணம் வராதுங்க. வண்டிக்கு வயசு ஆக ஆக மதிப்ப கொறச்சுட்டே வருவாங்க, மொத 6 மாசத்துக்குள்ள 5 சதவீதம்தான் கழிப்பாங்க, 4 வருஷத்துல இருந்து 5 வருஷத்துக்குள்ளன்னா பாதி போயிடும். என்னோடது அந்த பாதி கணக்கு. அதனால இந்த தடவ ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்னு ஒரு ஆட் ஆன் இருக்கே, அத சேர்த்து போட்டிருக்கேன், வண்டி காணாம போனா பில்லு போட்ட விலைய வச்சு குடுப்பாங்க, புது வண்டிக்கு எடுக்கறப்பவே கேட்டு வாங்கணும். லாக்குக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி இத பண்ணுங்க.

க்ளைமுக்கு என்னென்ன கேப்பாங்கன்னா, எஃப்ஐஆர் காப்பி, ஆர்சி, பாலிசி, அப்புறம் ரெண்டு சாவியும். இந்த ரெண்டாவது சாவிதான் எல்லாரையும் கவுத்துரும், ஒரு சாவி இல்லன்னா வண்டிலயே சாவிய விட்டுட்டு போயிட்டீங்களான்னு ஆயிரம் கேள்வி வரும். என்னோடது பூஜை ரூம்ல குங்குமச் சிமிழ் பக்கத்துல பத்திரமா இருந்துச்சு. ஸ்டேஷன்ல புகார் குடுத்த உடனே புகார் வாங்கிக்கிட்டதுக்கு சிஎஸ்ஆர்னு ஒரு ரசீது குடுப்பாங்க, அதோட நின்னுடாதீங்க, எஃப்ஐஆர் போட்டாதான் மேல நகரும். கடைசியா வண்டி கிடைக்கலன்னு போலீஸ் குடுக்கற நான் ட்ரேசபிள் சர்டிபிகேட் வேணும், அது மாசக்கணக்குல இழுக்கும். எங்க மாமியார் கேட்டாங்க, "பணமும் வந்து அப்புறம் அந்த வண்டியும் கிடைச்சுட்டா நமக்கு ரெண்டு வண்டி ஆயிடுமே"ன்னு. ஆகாதுங்க அத்தை, பணம் வாங்கிட்டா அப்புறம் கிடைக்கற வண்டி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சொந்தம்.

க்ளைம் பணம் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு லோன்ல எடுத்தேன். முன்கூட்டியே அடைச்சா எவ்ளோ சார்ஜ்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டேன், ஏன்னா அந்த பணம் வந்தா இதுலதான் போடப்போறேன். செகண்ட் ஹேண்ட் ஒண்ணு எடுத்து ஓட்டலாம்னு நாலு ரோடு பக்கம் ரெண்டு கடை பாத்தோம். ஒரு வண்டி விலை ரொம்ப கம்மியா சொன்னாங்க, ஆர்சி கேட்டா "வரும் வரும்"னு இழுத்தாங்க, வேற யாரோ ஒரு அக்காவோட வண்டியா இருக்குமோன்னு மனசு வரல. செகண்ட்ஸ் பாக்கறவங்க அரசோட எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டு பாருங்க, சேசிஸ் நம்பர் ஆர்சியோட ஒத்து போகுதான்னு கண்ணால பாருங்க.

சரி வண்டிக்கு வருவோம். ஓட்டி பாத்தது ஆக்டிவா, சுசுகி ஆக்சஸ் 125, ஜூபிடர், அப்புறம் டிவிஎஸ்சோட எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஐக்யூப்.

ஐக்யூப் பத்தி நல்லதா சொல்லியே ஆகணும். சத்தம் இல்ல, தினமும் ஒரே ரூட்ல போக வரன்னா பெட்ரோல் காசு அப்படியே மிச்சம், ஆப்ல வண்டி எங்க நிக்குதுன்னு வேற பாத்துக்கலாம். பக்கத்து மாவட்டத்துலயே டிவிஎஸ்சும் ஏதரும் ஓசூர்ல வண்டி பண்றாங்க, ஓலா போச்சம்பள்ளி பக்கம் பெரிய ஃபேக்டரி வச்சிருக்கு, நம்ம கிருஷ்ணகிரில இருந்து எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நிறைய போகுது, ஆனா எங்க வாடகை வீட்டுல கீழ ஒரு ப்ளக் பாயிண்ட் போட ஹவுஸ் ஓனர் சம்மதிக்கல. அவ்ளோதான் காரணம். சொந்த வீடா இருந்திருந்தா இந்த ரிவ்யூவே ஐக்யூப்புக்கு எழுதிருப்பேன்.

ஆக்சஸ் இழுவை சூப்பர், நாலுலயும் ஓட்ட ஜாலியா இருந்தது அதுதான், பின்னாடி ஆள் உக்காந்தா கூட தொப்பூர் மேட்டுல திணறாது. ஆனா விலை கூட, அதோட எனக்கு அந்த வேகம் தேவையும் இல்ல. ஆக்டிவா பழகின கை, இஞ்சின் பத்தி கொறையே சொல்ல முடியாது, நாலரை வருஷம் எனக்கு தொந்தரவே குடுக்கல. ஆனா பின் சக்கரம் இன்னும் 10 இஞ்ச்தான், பென்னாகரம் ரோட்டுல இருந்து ஊருக்குள்ள திரும்புனா இருக்கற பள்ளத்த எல்லாம் முதுகு எண்ணும். சீட்டுக்கு கீழ இடமும் 18 லிட்டர், ஒரு ஹெல்மெட் வச்சா துணிக்கு இடம் கிடையாது.

ஜூபிடர்ல என்னை கவுத்தது அந்த டிக்கிதான். 2024 ஆகஸ்ட்ல வந்த புது மாடல்ல பெட்ரோல் டேங்க கால் வைக்கிற இடத்துக்கு கீழ கொண்டு போயிட்டாங்க, அதனால சீட்டுக்கு அடியில 33 லிட்டர் இடம் கிடைச்சிருக்கு. அரை ஹெல்மெட் ரெண்டு வைக்கலாம்னு கம்பெனி சொல்லுது, நான் வைக்கிறது தைச்ச ப்ளவுஸ், லைனிங் துணி, ஃபால்ஸ் பண்டல், டிபன் பாக்ஸ், எல்லாம் உள்ள போய் சீட்டு மூடுது. மழை வந்தா கஸ்டமர் பட்டுப்புடவை நனையாது, இது எனக்கு மைலேஜ விட முக்கியம். முன்னெல்லாம் துணிப்பைய காலுக்கு நடுவுல வச்சு ஓட்டுவேன், அந்த தொல்லை விட்டுச்சு.

அடுத்தது பெட்ரோல் மூடி முன்னாடி ஹேண்டிலுக்கு கீழ இருக்கு. பங்க்ல இறங்க வேண்டாம், சீட்ட தூக்க வேண்டாம், உக்காந்த மேனிக்கு போட்டுக்கலாம், மீட்டர் ஜீரோ காட்டுறதையும் பாத்துக்கலாம். சக்கரம் ரெண்டும் 12 இஞ்ச், பள்ளத்துல வித்தியாசம் தெரியுது. இஞ்சின் 113 சிசி, ஐகோ அசிஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, ஓவர்டேக் பண்றப்ப பேட்டரில இருந்து கொஞ்சம் தள்ளு குடுக்குது, பெருசா பறக்காது, லாரி பக்கத்துல இருக்கறப்ப அந்த சின்ன தள்ளு போதும். மைலேஜ் எனக்கு ஐம்பதுக்கு கொஞ்சம் கீழதான் வருது, ரீல்ஸ்ல சொல்ற கணக்கெல்லாம் நம்பாதீங்க.

குறைன்னு பாத்தா, சிக்னல்ல நின்னா வண்டி தானா ஆஃப் ஆகி ஆக்சிலேட்டர் திருகுனா ஸ்டார்ட் ஆகுது, மொத மொத நாலு ரோட்டுல வண்டி நின்னுபோச்சுன்னே பதறிட்டேன். டிக்கி அடியில இஞ்சின் சூடு ஏறுது, வெயில் காலத்துல சாக்லேட் வாங்கிட்டு போனா பாயசம்தான். தம்பி ஆறடி, அவனுக்கு முட்டி ஹேண்டில்ல இடிக்குதாம், உயரமானவங்க ஓட்டி பாத்துட்டு எடுங்க. லாக் விஷயத்துல சாதா சாவிதான், ரிமோட் கிடையாது.

அந்த லாக் குறைய ஈடுகட்டத்தான் ஜூபிடர்லயே டிஸ்க் மாடல் எடுத்தேன், யாரும் இத சொல்ல மாட்டாங்க. டிரம் பிரேக் வண்டில டிஸ்க் லாக் மாட்ட இடமே இல்ல, டிஸ்க் இருந்தா சின்ன லாக் ஒண்ண ஓட்டைல மாட்டி பூட்டிட்டு போயிடலாம், சக்கரம் உருளாது. கழட்டாம ஸ்டார்ட் பண்ணா நாம விழுவோம், அதனால லாக்ல இருந்து ஹேண்டில் வரைக்கும் கலர் கயிறு கட்டிக்கங்க. ஒகேனக்கல் இறக்கத்துல டிஸ்க் பிரேக் எப்படி பிடிக்குதுன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. ஜிபிஎஸ் ட்ராக்கர் ஒண்ணும் மாட்டலாம்னு இருக்கேன், ஆனா ஒயர வெட்டி மாட்டுனா வாரண்டி பிரச்சனை வரும்னு சொல்றாங்க, சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டுதான்.

விலைக்கு வந்தா, 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆனது நமக்கு நல்ல காலம். ஆனா ரோடு டாக்ஸ் தமிழ்நாட்டுல ஒரு லட்சத்துக்குள்ள இருக்கற வண்டிக்கே 10 சதவீதம், அது இது சேர்த்து டாப் மாடல் ஆன் ரோடு ஒரு லட்சத்த தொட்டுடுது. நான் மொத போன ஷோரூம்ல, பேரு வேண்டாம், கொட்டேஷன்ல ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு லைனு, எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் பேக்கேஜ்னு ஒரு லைனு, இன்சூரன்ஸ் எங்ககிட்டதான் போடணும்னு கண்டிஷன் வேற. வெளிய போட்டுக்கறேன்னு சொன்னதும் அந்த பையன் முகம் மாறிச்சு. நீங்க வெளிய போட்டுக்கலாம், யாரும் தடுக்க முடியாது. ஹெல்மெட்டும் வண்டியோட குடுக்கணும்னு ரூலே இருக்கு, பில்லுல அதுக்கு காசு போட்டிருந்தா கேளுங்க. நான் எடுத்த ரெண்டாவது இடத்துல அந்த அக்கா கால்குலேட்டர எடுத்து ஒவ்வொரு லைனா விளக்கி சொன்னாங்க, சைடு கார்டும் ஃப்ளோர் மேட்டும் மட்டும் வாங்கிட்டு மிச்சத்த அடிச்சிட்டேன், பஜார்ல பாதி விலைக்கு கிடைக்கும்.

டிஸ்க் மாடல் கேட்டா "ஸ்டாக் இல்ல, டிரம் உடனே தரோம்"னு சொல்லுவாங்க, எனக்கும் சொன்னாங்க. கொஞ்சம் பொறுத்து சேலத்துல இருந்து வர வச்சு குடுத்தாங்க, கலர் மட்டும் நான் கேட்டது வரல.