"பூனைக்குப் பாதி போடுங்க" என்று சொல்லி விற்ற தெள்ளு மருந்து

எங்கள் வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை. முதலில் நாய் மேல் தெள்ளுப்பூச்சி ஏறியது, பத்து நாளில் பூனை மிட்டுவும் கழுத்தைப் பிய்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. வழக்கமாகத் தீவனம் வாங்கும் கடையில் கேட்டதும், பிடரியில் சொட்டுகிற மருந்துக் குப்பி இரண்டை எடுத்து நீட்டினார்கள். "நாய்க்கு முழுசா போடுங்க, பூனைக்குப் பாதி. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க." பெட்டியைப் பிரித்து உதிரியாக விற்கிறார்கள், அதனால் அட்டையும் இல்லை, உள்ளே வைக்கும் விவரத்தாளும் இல்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்புதான்.

சாயங்காலம் போட்டேன். ராத்திரி மிட்டுவின் காது துடித்தது, முதுகுத் தோல் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்கியது. மருந்து வேலை செய்கிறது போல என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்! விடிவதற்குள் வாயில் எச்சில் ஒழுக, நிற்க முடியாமல் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, லேசாகத் தொட்டாலே தூக்கிப்போட்டது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன போட்டீங்க?" நல்லவேளையாகக் குப்பைத்தொட்டியிலிருந்து காலிக் குப்பியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணுக்கே தெரியாத எழுத்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் பெயர் இருந்தது. நாய்க்குச் சொட்டும் இந்த வகை மருந்துகளில் அது 45 சதவீதம், அதற்கு மேலும்கூட இருக்குமாம். நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி போதுமான அளவு கிடையாது, அதனால் மருந்து உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தூண்டிக்கொண்டே இருக்கும். பூனை என்பது சின்ன நாய் இல்லை, பாதி போட்டாலும் கால்வாசி போட்டாலும் விஷம் விஷம்தான்.

இதற்கென்று தனி முறிவு மருந்து இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்து முதலில் மேலே இருந்த மருந்தைக் கழுவினார்கள் (வெந்நீர் கூடாதாம், தோல் இன்னும் வேகமாக உறிஞ்சிக்கொள்ளும்), அப்புறம் நடுக்கத்துக்கு ஊசி, டிரிப். இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டது. எல்லாப் பூனைக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை என்று மருத்துவர் நேராகவே சொன்னார். இன்னொன்றும் சொன்னார், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: பூனைக்குப் போடாமல் இருந்தாலும், மருந்து போட்ட நாயை ஒட்டிப் படுத்தாலோ நக்கினாலோ இதே கதி வரலாம். குறைந்தது மூன்று நாளாவது இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மெத்தையில்தான் தூங்கும்.

கடைக்குப் போனேன். முதலில் "உங்க பூனைக்கு அலர்ஜி" என்றார்கள், அப்புறம் "நாங்க நாய்க்குன்னுதான் கொடுத்தோம்" என்றார்கள். பில்லும் கிடையாது, நான் எதை வைத்து வாதாடுவது? பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அலமாரியில் அதே மருந்தின் பெட்டி கண்ணில் பட்டது. அட்டையில் பூனைப் படம், அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அதனால் தெள்ளு மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஃபிப்ரோனில் மாதிரி பூனைக்கென்றே அளவு வைத்து வருபவை இருக்கின்றன, ஆனால் அதே ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது. தெள்ளுக்கே கொடுக்கும் ஃப்ளூராலானர், அஃபோக்சோலானர் வகை மருந்துகளால் சில பிராணிகளுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2018இல் எச்சரித்தது, எனவே முன்பே வலிப்பு வந்த நாயோ பூனையோ என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உதிரிக் குப்பி யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தெள்ளு எப்படிப் போனது என்று கேட்டால், அதன் முட்டையும் புழுவும் பெரும்பாலும் பிராணி மேல் இல்லை, மெத்தையிலும் தரைவிரிப்பிலும்தான் இருந்தன. விரிப்புகளை வெந்நீரில் துவைத்து, மூலை முடுக்கெல்லாம் வாக்யூம் போட்டு, மிட்டுவின் எடை பார்த்து மருத்துவரே கொடுத்த மருந்தைச் சொட்டிய பிறகும் முழுசாகப் போக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மிட்டு இப்போதும் நான் பிடரிப் பக்கம் கை கொண்டுபோனால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.