படகு ஏணி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ‘316’ என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள்

மும்பையில் சின்ன ஃபைபர் படகு வைத்துக்கொண்டு தூண்டில் போடப் போகிற நம் ஆட்கள், ஏணி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 316 என்பது கடலுக்கு ஏற்ற துருப்பிடிக்காத எஃகின் (எஸ்எஸ்) தர எண். நாக்தேவி தெருப் பக்கம் ஒரு கடையில் 14,500 ரூபாய் கொடுத்து வாங்கிய ஏணி, என் மச்சான் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

கடையில் பேசியவர் திருநெல்வேலிக்காரர். “அண்ணாச்சி, இது மெரைன் கிரேடு 316. சந்தேகம்னா நீங்களே வச்சுப் பாருங்க” என்று ஒரு காந்தத்தை என் கையில் கொடுத்தார். ஒட்டவில்லை. ஏமாற்று வேலையே அந்தக் காந்தம்தான். அதற்குக் கீழ் ரகமான 304 எஃகிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்துச் செய்யும் மலிவான 200 வரிசை எஃகிலும் ஒட்டாது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் குழிகுழியாக அரிக்காமல் அது தாங்குவது அதனால்தான். அதைக் காந்தமும் காட்டாது, பளபளப்பும் காட்டாது.

மழைக்காலம் ஓய்ந்து மும்பை மீனவர்கள் கடலுக்கு இறங்கும் திருநாளான நாரளி பூர்ணிமா முடிந்து படகை இறக்கினோம். டிராம்பேயிலிருந்து கிளம்பி எலிபெண்டா தீவுப் பக்கம் போனபோது, அறுந்து மிதந்த நைலான் வலை இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜினை நிறுத்திவிட்டு, மச்சான் லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கி வலையை அறுத்தெடுத்தார். ஏறுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கடைசிப் படி தண்ணீருக்குக் கீழே ஒரு சாண்கூட இல்லை. முழங்காலை நெஞ்சுவரை மடக்கினால்தான் பாதம் படியில் படும். நனைந்த உடம்போடு, கைப்பிடியும் இல்லாமல், அவர் தம் பிடித்து எழும்பியபோது படி ஒரு பக்கம் வெல்டிங்கோடு பிய்ந்து வந்தது. குழாய் முனை கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. வற்றுநீர் வேறு வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த கோலி மீனவர்கள் படகை ஒட்டிக் கொண்டுவந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தீராது.

பிய்ந்த இடத்தை அன்று இரவு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். குழாயைச் சுற்றி முழு வெல்டு கிடையாது. இரண்டு பொட்டு மட்டும் வைத்து, மேலே பாலீஷ் போட்டு மறைத்திருக்கிறார்கள். விட்ட இடைவெளியில் உப்புத் தண்ணீர் புகுந்து தேங்கி, உள்ளே பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அந்தத் துண்டை உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். மாங்கனீஸ் 9 சதவீதத்துக்கு மேல், நிக்கல் 2-க்கும் கீழே, மாலிப்டினம் மருந்துக்கும் இல்லை.

ரிப்போர்ட்டோடு கடைக்குப் போனால், அதே திருநெல்வேலிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கடல்ல போட்டா எல்லா எஸ்எஸ்ஸும் கறுக்கத்தான் செய்யும். பில்லுல 316-ன்னு எங்க இருக்கு?” என்றார் முதலாளி. பில்லில் ‘எஸ்எஸ் லேடர்’ என்று மட்டும்தான் இருக்கிறது. கிரேடை எழுதாமல் விட்டதைத் திட்டமிட்ட வேலை என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே கிரேடை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மாலிப்டினம் இருக்கிறதா என்று சொட்டு மருந்து வைத்துப் பார்க்கும் கிட் கிடைக்கிறது, அதுவும் நல்லது. அதைவிட முக்கியம் நீளம். ஏணியை இறக்கினால் கடைசிப் படி தண்ணீருக்குக் கீழே குறைந்தது 22 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஏபிஒய்சி படகுத் தரவிதி. தண்ணீரில் கிடப்பவர் தானே இழுத்து இறக்கும்படியும் ஏணி இருக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கு மேலிருந்து இறக்கிவிட யார் இருக்கிறார்கள்? உருண்டைக் குழாய்ப் படி வெறுங்காலை அறுக்கும், வழுக்கும். தட்டைப் படியாகப் பாருங்கள். மாட்டும்போது படகின் பின்பலகைக்கு உள்பக்கம் வெறும் வாஷரோடு விடாமல் அகலமான தகடு வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆள் பாரத்தில் ஃபைபரே கிழிந்துவிடும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம்வரை கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி ஏணி வாங்கியிருப்பவர்கள் அடுத்த முறை படகை எடுக்கும் முன் கடைசிப் படியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புக் கறையோ பொட்டு வெல்டோ தெரிந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.