இரட்டைத் தூண் லிஃப்ட்: மேல்பாலமா, தரைத்தகடா?

வண்டியை இரு தூண்களுக்கிடையே நான்கு கைகளால் தாங்கித் தூக்கும் கனரக இரட்டைத் தூண் லிஃப்ட் வாங்க முனையும் பட்டறை உரிமையாளர்கள் பெரும்பாலும் விலையையும் எத்தனை டன் தாங்கும் என்பதையும்தான் விசாரிக்கிறார்கள். கார்களோடு இன்னோவா டாக்ஸிகளும் பொலிரோ பிக்கப்களும் டெம்போ டிராவலர்களும் வந்துபோகும் ஒரு பட்டறையில், முதலில் அளக்க வேண்டியது கூரையின் உயரம், அடுத்துத் தரையின் கனம். டன் கணக்கு அதற்குப் பிறகுதான் வரும்.

அந்தக் கணக்கில் பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. லிஃப்டின் விவரத் தகட்டில் 4 டன் என்று பொறித்திருந்தால், அது நான்கு கைகளுக்கும் சேர்த்த அளவு. ஒரு கைக்கு 1,000 கிலோதான் வரம்பு. 3,500 கிலோ எடையுள்ள வேனைத் தூக்கும்போது பின்னிரு கைகளின் மேல் 60 விழுக்காடு விழுந்தால் அது 2,100 கிலோ, அதாவது கைக்கு 1,050 கிலோ. மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் கை வரம்பை மீறிவிடுகிறது. 5.5 டன் லிஃப்டில் கைக்கு 1,375 கிலோ கிடைப்பதால் இந்த இக்கட்டு எழாது. டிராவல்ஸ் வண்டிகளை நம்பி நடக்கும் பட்டறை 4 டன்னில் மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

உண்மையான போட்டி மேல்பால வகைக்கும் தரைத்தகடு வகைக்கும் இடையில்தான். இரு தூண்களின் கைகளையும் ஒரே சீராக ஏற்றி இறக்கும் வயர் ரோப்பும் எண்ணெய்க் குழாயும் ஒரு தூணிலிருந்து மற்றதற்கு எப்படியாவது போயாக வேண்டும். மேல்பால வகையில் அவை தலைக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டத்தின் வழியாகப் போகின்றன. தரைத்தகடு வகையில் தூண்களுக்கு இடையே தரையில் பதித்த எஃகுத் தகட்டின் அடியில் போகின்றன. வேறுபாடு இவ்வளவுதான் என்றாலும், அன்றாட வேலையில் அதன் விளைவு பெரிது.

மேல்பாலம் இருந்தால் தரை வெறுமையாகக் கிடக்கும். கியர்பாக்ஸைக் கழற்றி டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் இறக்கி அப்படியே உருட்டிக்கொண்டு வெளியே போகலாம். தரைத்தகடு வகையில் இரண்டு அங்குலத்துக்கும் குறைவான அந்த மேடு பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஜாக்கியின் சிறு சக்கரம் அதன் விளிம்பில் இடறும்போது, உச்சியில் சங்கிலியால் கட்டிய கியர்பாக்ஸ் ஒரு பக்கம் சாய்வதைப் பார்த்த மெக்கானிக் அதை அற்பம் என்று சொல்லமாட்டார். கிளட்ச், கியர்பாக்ஸ் வேலை மிகுதியாக வரும் இடத்தில் மேல்பால வகையே வசதி.

உயரமான வேன் வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. டிராவலரின் உயரத்தை 2.6 மீட்டர் என்றும், மேல்பாலத்தில் உள்ள தடைக்கம்பி தரையிலிருந்து 3.7 மீட்டரில் இருப்பதாகவும் கொள்வோம். வண்டியின் கூரை அக்கம்பியைத் தொட்டவுடன் மோட்டார் நின்றுவிடும். ஆகவே சக்கரம் 1.1 மீட்டருக்கு மேல் எழாது. மெக்கானிக் ஸ்டூலில் குந்திக்கொண்டு, கழுத்தை ஒடித்து வேலை பார்க்க வேண்டியதுதான். தரைத்தகடு வகையில் தலைக்கு மேல் தடை ஏதுமில்லை; கட்டடக் கூரை இடம் தரும் வரை தூக்கலாம். அதே வேனை 1.7 மீட்டர் உயர்த்த 4.3 மீட்டரும், அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளியும் போதும். தகர ஷெட்டுகளில் இந்த அளவை முகட்டுக்கு நேராக எடுத்து ஏமாறக் கூடாது. சாய்வான கூரையின் தாழ்ந்த பக்கத்தையும், குறுக்கே ஓடும் இரும்புக் கட்டையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்விசிறியை யாரும் நினைவில் வைப்பதில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு லிஃப்டுக்குத்தான் பணம் இருக்கிறது, வேன்கள் தவறாமல் வருகின்றன என்றால் நான் தரைத்தகடு வகையையே பரிந்துரைப்பேன். ஜாக்கி இடறுவதற்குப் பெரிய சக்கரமுள்ள ஜாக்கியும் சிறு சாய்வுப் பலகையும் வழி செய்யும். தூக்க முடியாத உயரத்துக்கு வழியே இல்லை.

கைகளின் அமைப்பைப் பொறுத்தவரை நீண்ட தயக்கம் வேண்டாம். தூண்கள் சற்றுத் திரும்பி நிற்க, முன்கைகள் குட்டையாகவும் பின்கைகள் நீளமாகவும் இருக்கும் சமச்சீரற்ற அமைப்பு, கார்க் கதவு தூணில் இடிக்காமல் திறக்க உதவும். வேனுக்கும் பிக்கப்புக்கும் எடையை நடுவில் நிறுத்தும் சமச்சீர் அமைப்பே பொருந்தும். கனரக வகைகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

தூக்கும் முறையில் ஹைட்ராலிக், திருகு என இரண்டு உண்டு. திருகு வகையில் மரை தானாகவே பிடித்து நிற்பதால் எண்ணெய்க் கசிவு பற்றிய கவலை இல்லை. ஆனால் சுமை தாங்கும் பிரதான நட் தேய்ந்துகொண்டே வரும். அதற்கும் கீழே உள்ள பாதுகாப்பு நட்டுக்கும் இடைவெளி குறைவதை அளந்து பார்த்து, தயாரிப்பாளர் சொல்லும் எல்லையை எட்டியதும் மாற்றியாக வேண்டும். கிரீஸ் போடுவதைத் தள்ளிப்போடும் பட்டறைக்கு இது ஆகாது. ஹைட்ராலிக்கில் ஏற்றியபின் சற்று இறக்கி, சுமையைத் தூணில் உள்ள இயந்திர லாக்கின் (எஃகுப் பிடிப்பின்) மேல் உட்கார வைக்க வேண்டும்; எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நிற்கக் கூடாது. லாக்கில் உட்கார்ந்த வண்டியை இறக்க முதலில் அதைச் சிறிது மேலே தூக்க வேண்டியிருப்பதால், மின்வெட்டு வந்தால் வண்டி மேலேயே நின்றுவிடும். கைப்பம்ப் உள்ள பவர் யூனிட் (எண்ணெயை அழுத்தும் மோட்டார்-பம்ப் தொகுதி) கிடைக்குமானால் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகும்.

இரு தூண்களின் லாக்கும் ஏறும்போது ஒரே நேரத்தில் விழுகிற ஒலி கேட்க வேண்டும். ஒன்று முந்தி, மற்றொன்று பிந்தி ஒலித்தால் வயர் ரோப்பின் இழுவிசை மாறிவிட்டது என்று பொருள். அன்றே சரிசெய்ய வேண்டும்.

எந்த வகையானாலும், தூணைப் பிடித்து நிறுத்துவது தரையில் இறக்கும் ஆங்கர் போல்ட்டும் அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்டும்தான். பழைய தரையில் ஓரிடத்தில் துளையிட்டு ஆழத்தை அளக்காமல் தூணை நிறுத்தக் கூடாது. தயாரிப்பாளர் கேட்கும் கனமும் வலிமையும் இல்லையென்றால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாக வார்த்து, 28 நாள் ஆறவிட்டுப் பிறகே போல்ட் இறக்க வேண்டும். விரிசலுக்கோ இணைப்புக்கோ அருகில் துளையிடலாகாது. விற்பவர் மறுநாளே பொருத்தித் தருவதாகச் சொன்னால், தரையை அவர் எப்படிச் சோதித்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயன்பாட்டில் ஒன்றைத் தவிர்க்கவே முடியாது. சக்கரங்கள் தரையை விட்டு ஒரு சாண் எழுந்ததும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து வண்டியை ஆட்டிப் பார்த்து, கைகளின் நுனியில் உள்ள நான்கு பேட்களும் சேசிஸில் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டுப் படி பொருத்திய இன்னோவாவில் கை சேசிஸை எட்டாமல் படியிலேயே முட்டும். பேட்டை உயர்த்தித் தரும் அடாப்டர் இல்லாமல் அதைத் தூக்க முயல்வது ஆபத்து. எஞ்சினையோ பின் ஆக்சிலையோ கழற்றும் வேலை என்றால் எடைமையம் நகரும் என்பதால், முதல் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே கனமாக எஞ்சப்போகும் முனையின் கீழ் உயரமான ஸ்டாண்டை நிறுத்திவிட வேண்டும்.