சின்ன கப்பல் காசினோவும் டீலருக்கு வைக்கிற டிப்ஸும்: பத்து ராத்திரி அனுபவம்

போன பிப்ரவரில நானும் எங்க வீட்டுக்காரரும், அவரோட அண்ணன் அண்ணியும் மியாமில கப்பல் ஏறி கீ வெஸ்ட், கொசுமெல், பெலீஸ், ரோட்டான்னு சுத்திட்டு திரும்ப மியாமிக்கே வந்தோம், மொத்தம் பத்து ராத்திரி. கப்பல் சாப்பாடு, ரூம், பால்கனி பத்தியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்காங்க, காசினோ பத்தி, அதுவும் சின்ன கப்பல் காசினோல எப்படி நடந்துக்கணும், யாருக்கு எவ்ளோ டிப்ஸ் வைக்கணும்னு தமிழ்ல யாரும் எழுதி நான் பாக்கல. கப்பல் கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு குறை சொல்லப் போறேன், அந்த குறை இந்த ஒரு கப்பல்ல மட்டும் இருக்கிறதும் இல்ல.

நாங்க யாரும் பெரிய சூதாடி இல்ல. தீபாவளிக்கு சொந்தக்காரங்க கூடினா பத்து பைசா பாயிண்ட்ல ரம்மி ஆடுற குடும்பம், அவ்ளோ தான். ஒரு ஆளுக்கு மொத்த ட்ரிப்புக்கும் 300 டாலர், அது போனா போச்சு, அதுக்கு மேல தொடக்கூடாதுன்னு ஏறும்போதே பேசிக்கிட்டோம்.

கப்பல்ல மொத்தமே 700 பேருக்குள்ள தான் பயணிங்க. இப்ப ஓடுற பெரிய கப்பல்ல 5,000 பேருக்கு மேல ஏத்துறாங்க, அங்க காசினோ ஒரு கல்யாண மண்டபம் சைஸ்ல இருக்கும். இங்க ரெண்டு வீட்டு ஹாலை சேத்து வெச்ச மாதிரி ஒரு இடம், 21ஐ தாண்டாம டீலரை விட அதுக்கு கிட்ட போகணும்ங்கிற பிளாக்ஜாக் சீட்டாட்டத்துக்கு ரெண்டு டேபிள், நம்பர் சக்கரம் சுத்துற ரூலெட் ஒண்ணு, சுவத்தோரமா ஒரு முப்பது ஸ்லாட் மெஷின். டேபிளை நடத்துற டீலருங்க நாலஞ்சு பேர் தான், அதே ஆளுங்க தான் பத்து ராத்திரியும். எனக்கு பிடிச்சதும் இதான், மூணாவது நாளே நம்ம பேர் சொல்லி கூப்பிடுறாங்க, இரைச்சல் இல்ல, தெரியாததை கேட்டா நிதானமா சொல்லித் தர்றாங்க.

ஆனா எப்ப பாத்தாலும் திறந்திருக்கும்னு நினைச்சுட்டு போகாதீங்க. கப்பல் துறைமுகத்துல நின்னா காசினோ மூடியிருக்கும், கரையை விட்டு கடல்ல வெளிய போனப்புறம் தான் திறப்பாங்க, அந்தந்த நாட்டு சட்டம் அப்படி. பெலீஸ்ல கடல் ஆழம் கம்மிங்கறதால கப்பல் கரையிலேர்ந்து ரொம்ப தள்ளி நங்கூரம் போட்டு நிக்குது, படகுல தான் ஊருக்கு போகணும், சுத்தி வெறும் தண்ணி தான் தெரியுது, அப்பவும் காசினோ திறக்கல, ஏன்னா அது அவங்க நாட்டு எல்லைக்குள்ள. ஹவாய் தீவுகளை மட்டுமே சுத்துற பிரைட் ஆஃப் அமெரிக்கா கப்பல்ல காசினோவே கிடையாது, அங்க சூதாட்டத்துக்கு அனுமதி இல்ல. எங்க கப்பல் அடிக்கடி ஏதாவது ஒரு ஊர்ல நின்னதால எங்களுக்கு கிடைச்சது பெரும்பாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு மணி நேரம் தான். காசினோக்காகவே கப்பல் ஏறுறவங்களுக்கு இது சரிப்படாது.

இப்ப முக்கியமான விஷயம். பிளாக்ஜாக் டேபிள்ல உக்காரும் முன்னாடி துணி மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு படிங்க. பிளாக்ஜாக், அதாவது முதல் ரெண்டு சீட்டுலயே 21, விழுந்தா 3க்கு 2 குடுப்போம்னு இருந்தா பத்து டாலர் கட்டினதுக்கு 15 வரும், 6க்கு 5ன்னு இருந்தா 12 தான் வரும். மூணு டாலர் தானேன்னு தோணும், ஆனா கிட்டத்தட்ட 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை பிளாக்ஜாக் விழுது, ஒவ்வொரு தடவையும் அந்த மூணு டாலரை விடுறோம்னா கட்டுற காசுல காசினோவோட லாபம் கூடுதலா 1.4 சதவீதம் கிட்ட ஏறிடுது. ஒழுங்கா ஆடினா அரை சதவீதம் சொச்சம் இருக்க வேண்டியது ரெண்டு சதவீதம் ஆயிடும். எங்க கப்பல்ல ரெண்டு டேபிளும் 6க்கு 5 தான், இது தான் என் முதல் குறை, அவ்ளோ காசு வாங்கிட்டு ஏத்துற கப்பல்ல ஒரு டேபிளாவது 3க்கு 2 வெச்சிருக்கலாம்.

சின்ன கப்பல்ல இன்னொரு விஷயம் இருக்கு, எனக்கே நாலாவது நாள் தான் உறைச்சுது. டேபிள் காலியா இருக்குன்னு சந்தோஷமா போய் தனியா உக்காந்தேன், ஆட்டம் பறக்குது. ஆறு பேர் உக்காந்த டேபிள்ல மணிக்கு ஒரு 60 ஆட்டம் ஓடும், தனியா உக்காந்தா 150ஐ தாண்டிடும், அதுலயும் தானா கலைக்கிற மெஷின் இருந்தா நடுவுல ஓய்வே கிடையாது. ஆட்டத்துக்கு பத்து டாலர், ரெண்டு சதவீதம்னு கணக்கு போட்டா கூட்டமான டேபிள்ல சராசரியா மணிக்கு 12 டாலர் போகும், தனியா உக்காந்தா 30 டாலர். அதே காசினோ, அதே சீட்டு, பக்கத்துல ஆள் இல்லாததுக்கே அவ்ளோ வித்தியாசம். அதனால அப்புறம் நாங்க நாலு பேரும் ஒரே டேபிள்ல சேந்து தான் உக்காந்தோம், கதை பேசிக்கிட்டே ஆடினோம், காசும் மெதுவா கரைஞ்சுது, பொழுதும் நல்லா போச்சு.

ரூலெட்ல ரெண்டு பூஜ்யம், அதாவது 0, 00 சேத்து 38 கட்டம், ஒத்த நம்பர் விழுந்தா 35 மடங்கு தான், காசினோ லாபம் 5.26 சதவீதம். ஒரு பூஜ்யம் உள்ள சக்கரம்னா 2.70. எங்க கப்பல்ல ரெண்டு பூஜ்யம், நான் கிட்டயே போகல. ஸ்லாட் பத்தி எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல, அண்ணிக்கு பிடிச்சிருந்துச்சு.

ரெண்டாவது குறை. முதல் ராத்திரி ரூம் சாவி கார்டையே குடுத்து 200 டாலருக்கு, டேபிள்ல காசுக்கு பதிலா வைக்கிற சிப் வாங்கினேன், அடுத்த நாள் பில்லை பாத்தா 210. காசினோல ரூம் கணக்குல காசு எடுத்தா 5 சதவீதம் கட்டணமாம், சின்ன எழுத்துல எங்கயோ இருக்காம், கவுண்டர்ல இருந்தவர் வாயை திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெண்டு சதவீதம் நாலு சதவீதம்னு ஆட்டத்துல கணக்கு பாக்குறோம், சிப் வாங்கும்போதே 5 போயிடுச்சுன்னா என்ன அர்த்தம். பல கப்பல்ல 3லேர்ந்து 5 சதவீதம் வரைக்கும் இப்படி எடுக்குறாங்க, ரொக்கமா டாலர் கொண்டு போங்க. லாஸ் வேகாஸ்ல ஏதாவது தப்பா நடந்தா நெவாடா கேமிங் கண்ட்ரோல் போர்டுன்னு ஒரு அரசாங்க அமைப்பு இருக்கு, அங்க புகார் குடுக்கலாம், நடுக்கடல்ல அப்படி ஒரு ஆபீஸ் கிடையாது, கப்பல்காரங்க சொல்றது தான்.

சரி, டிப்ஸ். நம்ம ஊர்ல சோம்பு தட்டுல இருபது ரூபா வெச்சுட்டு எந்திரிச்சு வர்ற பழக்கத்தோட கப்பல் ஏறினா குழப்பமா தான் இருக்கும். எங்க கப்பல்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் தானா கணக்குல ஏறுது, நாலு பேருக்கு பத்து நாள்னா 720 டாலர். அது ரூம் சுத்தம் பண்றவங்க, சாப்பாடு பரிமாறுறவங்க, கண்ணுக்கு தெரியாம உள்ள வேலை செய்யிறவங்களுக்கு. பார்ல எது வாங்கினாலும் பில்லுலயே 18 சதவீதம் சேத்துடுறாங்க. இவ்ளோ குடுத்தாச்சே, டீலருக்கும் அதுல பங்கு போயிருக்கும்னு தான் நாங்களும் நினைச்சோம். போகல. காசினோ ஆளுங்க அந்த கணக்குலயே வரல, பெரும்பாலான கப்பல்ல இதே நிலைமை தான், டேபிள்ல நம்ம வைக்கிறது ஒரு பெட்டில விழுந்து காசினோல வேலை செய்யிறவங்களுக்குள்ள பங்கு போட்டுக்குறாங்கன்னு டீலர் பொண்ணு தான் சொல்லுச்சு, அதுவும் நான் துருவி கேட்டதுக்கப்புறம், தானா வாய் திறந்து கேக்கவே இல்ல.

ரெண்டாவது ராத்திரி வீட்டுக்காரரோட அண்ணன், பெரிய மாமான்னு கூப்பிடுவேன், 180 டாலர் ஜெயிச்சுட்டு சிப்பை அள்ளிக்கிட்டு எந்திரிச்சுட்டார். நான் மெதுவா "டீலருக்கு ஏதாவது வைங்க மாமா"ன்னேன். "ஏம்மா, நம்ம காசை போட்டு நம்ம அதிர்ஷ்டத்துல ஜெயிச்சோம், அந்த பொண்ணு என்ன பண்ணுச்சு?"ன்னார். அவர் பதினாறை வெச்சுக்கிட்டு இன்னொரு சீட்டு கேக்கப் போனப்போ, டீலர் பக்கம் 6 இருக்கு, சீட்டு வாங்காம நின்னுக்கிறது தான் வழக்கம்னு பக்குவமா சொன்னதே அந்த பொண்ணு தான். நான் எதிர்த்து பேசல. கொசுமெல்ல இறங்கினப்போ கரையில ஒரு காபி கடை வாசல்ல அதே பொண்ணு, போன்ல வீடியோ கால்ல சின்ன பையன் ஒருத்தன், பிலிப்பைன்ஸ்ல இருக்கானாம், அஞ்சு வயசு. ஒப்பந்தம் ஆறு மாசம், இன்னும் நாலு மாசம் பாக்கின்னுச்சு. எங்களை பாத்ததும் போனை திருப்பி பையனை காமிச்சு, மாமாவோட முழங்கால் வலி எப்படி இருக்குன்னு விசாரிச்சுச்சு, முந்தின ராத்திரி டேபிள்ல அவர் எப்பவோ சொன்னதை ஞாபகம் வெச்சிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி மாமா உக்காந்ததுமே அஞ்சு டாலர் சிப் ஒண்ணை நகத்தி வெச்சார், யாரும் எதுவும் சொல்லல.

கப்பல் வேலைக்கு 2006ல போட்ட சர்வதேச கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 2013லேர்ந்து நடைமுறைல இருக்கு, அதுப்படி 24 மணி நேரத்துல 14 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம், குறைஞ்சது பத்து மணி நேரம் ஓய்வு குடுக்கணும். கரையில நிக்கிற நேரம் காசினோ மூடியிருக்கிறதால டீலருங்களுக்கு மத்தவங்களை விட கொஞ்சம் வெளிய போக முடியுது, ஆனா எல்லார் மாதிரியும் அவங்களும் அவசர கால பயிற்சி, படகு பயிற்சி செய்யணும்.

அதனால என் கருத்து, ஜெயிச்சா டிப்ஸ் தோத்தா இல்லங்கிறது தப்பு. நம்ம ஜெயிக்கிறது தோக்கிறது சீட்டு விழுறதை பொறுத்து, அவங்க வேலை நம்ம உக்காந்த நேரத்தை பொறுத்து. ஹோட்டல்ல சாப்பாடு நமக்கு ஜீரணமாச்சா இல்லையான்னு பாத்தா டிப்ஸ் வைக்கிறோம்? பத்து டாலர் டேபிள்ல நாங்க வெச்சது ஒரு ஆளுக்கு மணிக்கு அஞ்சு டாலர், எந்திரிக்கும்போது நல்லா ஜெயிச்சிருந்தா கூட பத்து. இதை அந்த 300 டாலருக்குள்ளயே முதல்லயே ஒதுக்கி வெச்சுட்டா தோக்குற ராத்திரி மனசு கஷ்டப்படாது.

வைக்கிறதுக்கு ரெண்டு வழி இருக்கு. சிப்பை நகத்தி வெச்சு இது உங்களுக்குன்னு சொல்லலாம், டீலர் அதை டேபிள்ல ஒரு தட்டு தட்டிட்டு பெட்டில போடுவாங்க. இல்லைன்னா நம்ம பந்தயத்துக்கு முன்னாடி டீலர் பேர்ல ஒரு சிப் வைக்கலாம், நம்ம ஜெயிச்சா அவங்களுக்கு ரெட்டிப்பு. நிறைய பேர் ரெண்டாவது வழி தான் ஜாலின்னு சொல்றாங்க, டீலரும் நம்ம கட்சி ஆயிடுவாங்க, அது உண்மை தான். ஆனா தோத்தா அந்த சிப் காசினோவுக்கு போயிடும், டீலருக்கு ஒரு பைசா கிடையாது. நான் நேரா குடுக்குறதையே விரும்புறேன்.

கைல மட்டும் நீட்டாதீங்க, வாங்க மாட்டாங்க, டேபிள் மேல தான் வைக்கணும், சிப் வாங்க குடுக்குற நோட்டும் அப்படி தான், மேல கேமரா பாத்துட்டு இருக்கு. டேபிளை விட்டு போகும்போது டீலர் ரெண்டு கையையும் தட்டி விரிச்சு காட்டிட்டு போறதும் அதுக்கு தான், கைல சிப் எதுவும் மறைக்கலன்னு காமிக்கிறது. சீட்டு விழுந்தப்புறம் நம்ம பந்தய சிப்பை தொடக்கூடாது, சீட்டு வேணும்னா விரலால டேபிளை தட்டணும், வேணாம்னா கையை வீசணும், வாயால மட்டும் சொன்னா போதாது. போனை டேபிள்ல வைக்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க.

ஒண்ணு மட்டும் சொல்லியே ஆகணும். கப்பல்ல இன்னொரு குடும்பம், தினசரி டிப்ஸ் பணத்தை ரிசப்ஷன்ல போய் பில்லுலேர்ந்து எடுத்துட சொல்லிட்டு, நாங்களே நேர்ல குடுத்துக்கிறோம்னாங்க. கடைசி நாள் வரைக்கும் யாருக்கும் எதுவும் குடுக்கல, அதை பெருமையா வேற சொன்னாங்க. எனக்கு அவங்க கூட உக்காந்து சாப்பிடவே பிடிக்கல.

கடைசி ராத்திரி சிப்பை மாத்துறதை தள்ளிப் போடாதீங்க, எங்க கப்பல்ல கேஷியர் கவுண்டர் 12 மணிக்கே மூடிட்டாங்க, காலைல இறங்கும்போது திறக்கவே இல்ல, அந்த சிப்பை வெளிய எங்கயும் மாத்த முடியாது. எனக்கு 300ல 115 திரும்ப வந்துச்சு, போன 185ல 70 டாலர் டிப்ஸ். பெரிய மாமா மொத்தத்தையும் விட்டுட்டார், ஆனா கடைசி ஆட்டத்துக்கு முன்னாடியே இருபது டாலரை தனியா எடுத்து அந்த பொண்ணு பக்கம் வெச்சுட்டு தான் ஆடினார். அடுத்த வருஷம் நார்வே பக்கம் இதே அளவு கப்பல் ஒண்ணு பாத்துட்டு இருக்கோம், டேபிள் 3க்கு 2ஆன்னு கேட்டு மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.