தங்கவயலுக்குக் கேரவனில்: வண்டி, தண்ணீர், கழிப்பறை

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து, இன்று பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்களைக் கோலார் தங்கவயலுக்கு அழைத்துப் போவதில் முதல் சிக்கல் கழிப்பறைதான். மாரிகுப்பம், சாம்பியன், உரிகம் என்று பகல் முழுக்கச் சுற்றினாலும், முட்டி வலிக்காரர் நம்பி உட்காரும்படியான பொதுக் கழிப்பறை எளிதில் அகப்படாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் உள்ள வண்டியான கேரவன் கைகொடுப்பது இங்கேதான்; சொகுசெல்லாம் அப்புறம்.

வண்டியைப் பெங்களூரில் எடுப்பது நல்லது. சுமார் 100 கிலோமீட்டர்தான், கர்நாடகத்தை விட்டு வெளியே போகாததால் மாநில எல்லையில் பர்மிட், வரித் தொல்லை இல்லை. சென்னையில் எடுத்தால் அகில இந்திய சுற்றுலா பர்மிட்டின் நகலைக் கண்ணால் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். வெளிநாட்டில் போலச் சாவியை நம் கையில் தந்து அனுப்புவது அபூர்வம், டிரைவரும் வருவார். அவருடைய பேட்டா, அவர் இரவில் எங்கே படுப்பார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். தூங்காத டிரைவரை மறுநாள் ஓட்டச் சொல்வது ஆபத்து. குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்ட மூன்று புள்ளி சீட் பெல்ட் எந்த இருக்கையில் உண்டு என்றும் கேளுங்கள். சோபா போன்ற பக்கவாட்டு இருக்கைகளில் பெரும்பாலும் இருக்காது.

கழிப்பறை கேசட்டா (கழற்றி எடுத்துக் காலி செய்யும் கழிவுப் பெட்டி), வண்டியோடு பொருத்திய நிலையான தொட்டியா என்பதுதான் அடுத்த கேள்வி. கேசட் என்றால் கொள்ளளவு 18, 20 லிட்டர். காகிதம் பயன்படுத்துகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது அது. நாமோ தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் என்றாலும், நான்கு பேர் ஆளுக்கு ஐந்து முறை போனால் ஒரே நாளில் நிரம்பிவிடும். ‘மூன்று நாள் தாங்கும்’ என்று வாடகைக்காரர் சொல்வதை நம்பி மாட்டிக்கொள்வது இதனால்தான். கை ஷவரை மூடிவிட்டு அரை லிட்டர் மக் வையுங்கள், இரண்டாவது கேசட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேசட்டைக் காலி செய்யத் தனி இடம் தங்கவயலில் எதிர்பார்க்க வேண்டாம். ஊரின் ஒரு பகுதியான ராபர்ட்சன்பேட்டையில் தங்கும் லாட்ஜிலோ உறவினர் வீட்டிலோ முன்கூட்டியே சொல்லிவைத்து, அங்குள்ள கழிப்பறைக் கோப்பையில்தான் ஊற்ற வேண்டும். சாக்கடையில் ஊற்றுவது அந்தத் தெருக்காரர்களுக்குச் செய்யும் துரோகம். ஊற்றும்போது கேசட்டில் இருக்கும் காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கியே பிடித்திருங்கள். விட்டால் குபுக் குபுக்கென்று காலில் தெறிக்கும். பிறகு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, இரண்டு முறை அலச வேண்டும். ஃபார்மலின் கலந்த நீல மருந்து வேண்டாம், செப்டிக் டேங்க்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். என்சைம் வகை போதும். நிலையான தொட்டியுள்ள வண்டியென்றால் கடைசியில் செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட வேண்டியிருக்கும். அந்தச் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள்.

மின்சாரம். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏழு ஆம்பியர் அளவு இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பழைய வீடுகளில் இருப்பது சிறிய பிளக். எர்த் சரியாக இல்லாததும் உண்டு. மூன்று முள் டெஸ்டரைச் செருகிப் பார்க்காமல் வண்டியை இணைக்காதீர்கள். 2.5 சதுர மி.மீ. கேபிளைச் சுருளோடு விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள், சுருள் சூடேறி உருகும். தங்கவயல் மேட்டு நிலம் என்பதால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் ஏசியே தேவைப்படாது. அந்த மாதங்களில் போனால் பாதிக் கவலை குறையும்.

1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. பாலாற்றுத் தண்ணீரைப் பேத்தமங்கலத்தில் தேக்கிக் குழாயில் கொண்டுவந்த ஊர். இன்று தண்ணீருக்குக் கேனைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வண்டித் தொட்டியைப் பெங்களூரிலேயே நிரப்பி, குடிக்க 20 லிட்டர் கேன் இரண்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.

லைன்களுக்குள் வண்டியை விடாதீர்கள். தெரு குறுகல், தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் கேபிள் டிவி வயரும் மூன்று மீட்டர் உயர வண்டியின் கூரையில் சிக்கும். மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள், தமிழிலேயே பேசலாம். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து வந்து குழிக்குள் இறங்கியவர்களின் பிள்ளைகள்தான் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பிள்ளைகளை மட்டும் பங்காருப்பேட்டையில் ரயிலேற்றி மாரிகுப்பம் வரை, 16 கிலோமீட்டர், வரச் சொல்லலாம்; கூட ஒரு பெரியவர் இருக்கட்டும். நிலையங்களின் பெயரெல்லாம் தாத்தா பாட்டி சொன்ன பெயர்கள்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதில் சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. யாரும் உள்ளே இறங்க முடியாது. இறங்கு குழிகளின் மேல் நிற்கும் ஷாஃப்ட் கோபுரங்களை வெளியிலிருந்து பார்க்கலாம். வளாகத்துக்குள் போக வேண்டுமென்றால் சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவன அலுவலகத்துக்கு முன்பே எழுதிக் கேளுங்கள், காவலாளிக்குக் கையில் கொடுத்து நுழையாதீர்கள்.

சயனைடு மேடுகளில் படம் எடுக்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஏறவிடாதீர்கள். தங்கம் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய மாவு போன்ற தூள் அது. மழை அரித்த ஓடைகளுக்கு மேல் மெல்லிய ஓடுதான் இருக்கும், கால் வைத்தால் சரியும். அடியில் தேங்கும் தண்ணீரைத் தொடவும் வேண்டாம். காற்றடிக்கும் நாளில் வண்டியின் கூரை ஜன்னலைச் சாத்தி, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சில் தூசி ஏறியவர் கூட வந்திருந்தால், அன்று அந்தப் பக்கமே போக வேண்டாம். திரும்பி ஏறும்போது செருப்பைப் படியிலேயே தட்டி, பையில் போட்டுக் கட்டி வையுங்கள். அந்தத் தூள் மெத்தையில் ஏறினால் உதறி எடுக்க முடியாது.