முயலா, யானையா: ஓப்பன் யேல் கோர்சஸ் பற்றி ஒரு தணிக்கையாளரின் மதிப்புரை

சான்றிதழ் வேண்டுபவர்கள் இந்தப் பத்தியோடு விலகிக்கொள்ளலாம். ஓப்பன் யேல் கோர்சஸ் சான்றிதழ் தருவதில்லை, மதிப்பெண் தருவதில்லை, பெயரைப் பதிவு செய்யக்கூடச் சொல்வதில்லை. கட்டணமும் இல்லை. தளத்தைத் திறந்து, ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் விரிவுரையை ஓடவிட்டால் வகுப்பில் இருக்கிறீர்கள். நீங்கள் வந்ததும் யாருக்கும் தெரியாது. பாதியில் எழுந்து போனதும் யாருக்கும் தெரியாது. இதன் பெரிய வசதி அதுதான், பெரிய ஆபத்தும் அதுதான்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் ஏழு பாடங்களுடன் இதைத் தொடங்கியது. பிறகு எண்ணிக்கை சுமார் 40 ஆக வளர்ந்தது. ஸ்டூடியோவில் ஐந்து நிமிடத் துண்டுகளாக எடுத்த வீடியோக்கள் அல்ல இவை. இளநிலை மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் கேமராவை வைத்து, ஒரு பருவம் முழுவதும் ஆசிரியர் பேசியதை அப்படியே பதிவு செய்திருக்கிறார்கள். தத்துவம், வரலாறு, இலக்கியம், இசை, பொருளியல், வானியற்பியல், ரோமானியக் கட்டடக்கலை என்று, பல துறைகளையும் தொட்டுப் படிக்க வைக்கும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றின் பாடப்பட்டியல் போலவே இருக்கிறது. வீடியோவுடன் ஒலிக்கோப்பு, வாசிப்புப் பட்டியல், ஒவ்வொரு விரிவுரைக்கும் முழு எழுத்துப்படி ஆகியவையும் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில்தான். வேகமான பேச்சு காதில் தங்காதவர்களுக்கு அந்த எழுத்துப்படி பெரிய உதவி. நானே பல விரிவுரைகளைக் கேட்டதைவிட வாசித்ததுதான் அதிகம்.

நான் தணிக்கையாளர். வவுச்சர் இல்லாத செலவையும் ஆதாரம் இல்லாத வார்த்தையையும் ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குபவள். தத்துவ வகுப்பு கேட்கப் போனது ஞானம் தேடி அல்ல. ஆண்டுதோறும் அலுவலகத்தில் நிரப்பும் இலக்குப் படிவம்தான் காரணம். குறிப்பாக இருக்க வேண்டும், அளவிட முடிய வேண்டும், நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், காலக்கெடு வேண்டும் என்று அந்தப் படிவம் கேட்பதெல்லாம் ஜார்ஜ் டோரன் என்பவர் 1981இல் ஒரு மேலாண்மை இதழில் எழுதிய சிறு கட்டுரையிலிருந்து கிளைத்தது. நிறுவனத்தின் மேலாளர்களுக்காக எழுதியது அது. நாமோ அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம். என் சொந்த இலக்குகளையும் அதே கட்டங்களில்தான் எழுதி வைத்திருந்தேன். துறைத் தலைவர் பதவி, தகவல் அமைப்புத் தணிக்கையில் ஒரு தேர்வு, குறைக்க வேண்டிய எடை ஆகியவை கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒன்று மட்டும் உட்காரவில்லை: கணக்குப் பதிவியலின் வரலாற்றைப் பொது வாசகருக்காக ஒரு நூலாக எழுத வேண்டும் என்கிற பழைய ஆசை. அதை எப்படி அளப்பது? நடக்கக்கூடியது என்று யார் சான்றளிப்பது? ஆகவே ஆண்டுதோறும் அது படிவத்துக்கு வெளியிலேயே நின்றது.

இதற்கு முன்பு கட்டணம் வாங்கும் ஒரு தளத்தின் 'வாழ்க்கை இலக்கு' பயிற்சியில் சேர்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். இலக்கைக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார்கள். எதற்கு அந்த இலக்கு என்று கேட்க ஒரு பாடமும் இருக்கவில்லை. அதற்குமேல் எழுத அதில் ஒன்றுமில்லை.

யேலில் நான் முதலில் கேட்டது பென் போலக் நடத்தும் விளையாட்டுக் கோட்பாடு. ஒருவர் எடுக்கும் முடிவின் பலன் மற்றவர் முடிவையும் பொறுத்திருக்கும் நிலைமைகளை ஆராயும் பொருளியல் பாடம் இது. மொத்தம் 24 விரிவுரைகள். முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து ஆல்ஃபா அல்லது பீட்டா என்று எழுதச் சொல்கிறார். யாருடன் ஜோடி சேர்க்கப்படுவோம் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. நான் ஆல்ஃபா, மற்றவர் பீட்டா என்றால் எனக்கு ஏ, அவருக்கு சி. இருவரும் ஆல்ஃபா என்றால் இருவருக்கும் பி மைனஸ். இருவரும் பீட்டா என்றால் இருவருக்கும் பி பிளஸ். தன் மதிப்பெண் மட்டுமே குறி என்றால் எதிராளி எதை எழுதினாலும் ஆல்ஃபாதான் லாபம். எல்லோரும் அப்படியே கணக்குப் போட்டால் எல்லோருக்கும் பி மைனஸ்.

இதுவரை பலரும் கேள்விப்பட்ட கதைதான். அடுத்து அவர் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. அதே அட்டவணையை வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் மாற்றுகிறார். மற்றவரை சி வாங்க வைத்துத் தான் ஏ வாங்குவது குற்ற உணர்வைத் தரும் என்பவர்கள் இப்போது ஆடுகிறார்கள் என்று வையுங்கள். மதிப்பெண் அட்டவணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் ஆட்டமே வேறாகிவிடுகிறது. ஆல்ஃபா எப்போதும் லாபம் என்பது போய், மற்றவர் என்ன செய்வார் என்பதைப் பொறுத்தது என்றாகிறது. உனக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் நீ சொல்லாமல், எப்படி அடைவது என்று கோட்பாட்டால் சொல்ல முடியாது என்கிறார் போலக். பொருளியல் பாடத்தில் வந்த இந்தச் செய்தி எந்த ஊக்கப் பேச்சிலும் எனக்குக் கிடைத்ததில்லை. துறைத் தலைவர் பதவிக்காக நான் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் எனக்கு வேண்டியது பதவியா, சக அதிகாரி அதை அடையாமல் இருப்பதா என்று அன்றிரவு யோசித்தேன். பதிலை இங்கே எழுத மாட்டேன்.

அடுத்தது தத்துவ ஆசிரியர் ஷெல்லி கேகனின் 'மரணம்'. பெயரைப் பார்த்துப் பலர் ஓடிவிடுகிறார்கள், ஆனால் இலக்கு என்கிற விஷயத்தில் இந்தத் தளத்திலேயே அதிகம் பேசும் பாடம் இதுதான் என்பேன். ஆசிரியர் மேசைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து பேசுகிறார். 26 விரிவுரைகளில் ஏறக்குறைய முதல் பாதி, ஆன்மா உண்டா, நேற்று இருந்த நானும் இன்றிருக்கும் நானும் ஒரே ஆளா என்பதில் போகிறது. மெதுவாகத்தான் போகிறது. ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது கேகனின் கட்சி, அதை முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிடுகிறார். நான் அந்தக் கட்சி இல்லை. ஆனாலும் பிளேட்டோவின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தப் படியில் ஓட்டை இருக்கிறது என்று அவர் காட்டும் விதம் நல்ல தணிக்கை. தனக்குச் சாதகமான வாதத்தில் ஓட்டை இருந்தாலும் விடுவதில்லை. அதற்காகவே அந்தப் பாதியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்கிறேன்.

இரண்டாம் பாதியில், சாவு நிச்சயம் என்றால் எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு வரும்போது அவர் இரண்டு வழிகளை எதிரெதிரே வைக்கிறார். ஒன்று, கைக்கு எட்டும் இன்பங்களை, கிடைக்கும் என்ற உறுதியுள்ள இலக்குகளை மட்டும் வைத்துக்கொள்வது. இன்னொன்று, அடைந்தால் மிகப் பெரிது, அடைவோம் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை என்கிற வகை இலக்குகளைத் துரத்துவது. முயலை வீழ்த்திய அம்பா, யானையைத் தவறவிட்ட வேலா என்று தமிழ்ப் புத்தகத்தில் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நாம் பள்ளியிலேயே வேலின் பக்கம் மதிப்பெண் போட்டுவிட்டோம். கேகன் அவ்வளவு அவசரப்படுவதில்லை. யானையை மட்டுமே துரத்தி எதுவும் கிட்டாமல் போகிறவரின் வாழ்நாளையும் கணக்கில் வைக்கிறார். இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வது நல்லது, என்ன விகிதத்தில் என்பதுதான் கடினம் என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

என் படிவத்தின் கோளாறு எனக்குப் பிடிபட்டது இங்கேதான். நடக்கக்கூடியதா என்று கேட்டு வடிகட்டும் எந்தப் படிவமும் யானைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆண்டு முடிவில் இலக்குகள் நூற்றுக்கு நூறு நிறைவேறின என்று அறிக்கை வரும். அந்த அறிக்கையில் பொய் இருக்காது. எதைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது மட்டும் அதில் தெரியாது. பதிவேட்டில் இருப்பது சரியா என்று பார்ப்பது சுலபம், பதிவேட்டில் ஏறாமலே போனதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு என்று எங்கள் தொழிலில் முதல் ஆண்டுப் பயிற்சியாளருக்கே சொல்லிக் கொடுப்போம். அதை என் சொந்தத் தாளுக்குப் பொருத்திப் பார்க்க ஒரு தத்துவ ஆசிரியர் தேவைப்பட்டார்.

அதே பகுதியில் அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி. முதலாண்டிலேயே புற்றுநோய் கண்டு, இன்னும் இரண்டாண்டுதான் என்று மருத்துவரால் சொல்லப்பட்ட மாணவர் ஒருவர். மிச்சமிருக்கும் காலத்தை என்ன செய்வது என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பட்டப்படிப்பை முடிப்பது என்று முடிவெடுத்தார். கடைசிப் பருவத்தில் இந்த மரணப் பாடத்தையும் எடுத்தார். பருவத்தின் நடுவில் உடல்நிலை முற்றியது. அவர் இறப்பதற்கு முன் பல்கலைக்கழகம் தன் பிரதிநிதியை அவர் படுக்கைக்கு அனுப்பிப் பட்டத்தை வழங்கியது. கேகன் இதைக் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, நாமாக இருந்தால் என்ன செய்வோம் என்ற கேள்விக்குப் போய்விடுகிறார். எனக்கு அந்த மாணவரின் தேர்வுதான் பிடித்தது. அந்தப் பட்டத்தால் அவருக்கு வேலை கிடைக்கப் போவதில்லை, பதவி உயர்வும் இல்லை. இலக்கின் பயன் இலக்குக்கு வெளியில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு இடிக்கும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். தன் வாழ்க்கைக்கு இலக்கு வைப்பவர் ஒற்றை ஆளாக நின்று தீர்மானிக்கிறார் என்பது போலவே கேகனின் பேச்சு போகிறது. நம் இலக்குகளில் பாதி அடுத்தவர் கையில் இருக்கிறது, மீதிப் பாதி அடுத்தவருக்காகவே வைத்தது. போலக்கின் பாடம் அந்த இடத்தை நிரப்புகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்பது நல்லது என்று சொல்வது இதனால்தான். பல துறைகளைத் தொட்டுப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவருக்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன்: ஒரு துறை கண்மூடும் இடத்தை மற்றது பார்த்துவிடுகிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸில் அச்சேற்றிய லூக்கா பச்சோலியும் கணக்கு மட்டும் தெரிந்தவர் அல்ல. கணித ஆசிரியர், துறவி, விகிதங்களைப் பற்றி அவர் எழுதிய நூலுக்குப் படம் வரைந்தவர் லியொனார்டோ டா வின்சி. (என் நூலின் முதல் அத்தியாயம் இவரைப் பற்றியதுதான். படிவத்தில் அதற்கு இன்னும் கட்டம் இல்லை.)

கிரெய்க் ரைட்டின் 'இசையைக் கேட்டல்' பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். பாடம் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றெண்ணித் தட்டுவதா இரண்டெண்ணித் தட்டுவதா என்று கையை ஆட்டிக் கேட்கச் சொல்வார். பஸ்ஸில் அது எடுபடவில்லை.

குறைகளில் பெரியது எது என்றால், கலந்துரையாடல் வகுப்புகள் பதிவாகவில்லை. யேல் மாணவர்கள் விரிவுரை கேட்பதோடு சிறு குழுக்களாகக் கூடி விவாதிக்கிறார்கள். கேகனின் பாடத்தில் மூன்று சிறு கட்டுரைகளும் எழுதித் திருத்தி வாங்குகிறார்கள். நமக்குக் கிடைப்பது விரிவுரை மட்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1828இல் இதே யேல் தன் பாடத்திட்டத்தை ஆதரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மனத்துக்குப் பயிற்சி, மனத்துக்குச் சரக்கு என்று கல்வியின் பயனை அது இரண்டாகப் பிரித்தது. இரண்டில் முக்கியம் பயிற்சிதான் என்றும் சொன்னது. இந்தத் தளத்தில் சரக்கு கொட்டிக் கிடக்கிறது. பயிற்சியை நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். போலக்கின் பாடத்துக்குக் கணக்குத் தாள்கள் இருப்பதால் அங்கே இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. தத்துவத்தில் நன்றாகத் தெரியும். கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும்.

நான் செய்த ஏற்பாடு இது. வரி ஆலோசனைப் பிரிவில் இருக்கும் தோழி ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இருவரும் ஒரு பக்கம் எழுதி மாற்றிக்கொள்வோம். என் முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் அவள் எழுதியிருந்தது: "இது முடிவு. காரணம் எங்கே?" நான் இளையவர்களின் தாளில் எழுதும் அதே வாசகம். அந்தப் பென்சில் வரி இல்லாமல் 26 விரிவுரைகளையும் கேட்டு முடித்திருந்தால் எனக்கு மிஞ்சியிருப்பது நாலு மேற்கோள்கள்தான்.

மற்ற குறைகள் சிறியவை. பதிவுகள் பழையவை, படத் தெளிவும் அந்தக் காலத்தது. தத்துவம், இலக்கியம் இரண்டிலும் பார்வை பெரும்பாலும் மேற்கு நோக்கியே இருக்கிறது. ஆன்மாவைப் பற்றி இத்தனை விரிவுரைகள் பேசும் பாடத்தில் பிளேட்டோவுக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு சிறு பங்குதான் கீழைத் தத்துவங்களுக்குக் கிடைக்கிறது. பதவி உயர்வுதான் உடனடி இலக்கு என்றால் இங்கே வர வேண்டாம், தொழில்முறைத் தேர்வுக்குப் படியுங்கள். தன்விவரக் குறிப்பில் இதற்கு ஒரு வரியும் கிடைக்காது.

இன்னொன்று: 'மரணம்' பாடத்தின் கடைசி விரிவுரைகள் தற்கொலையைப் பற்றியவை. நிதானமாகவும் பொறுப்பாகவும்தான் பேசுகிறார், ஆனாலும் மனம் சோர்ந்திருக்கும் காலத்தில் அவற்றைத் தனியாகக் கேட்காதீர்கள். தள்ளிவைத்தால் பாடத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு ஐந்தில் நான்கு. துணைக்கு ஓர் ஆளும் ஒரு பென்சிலும் இல்லாதவர்கள் மூன்று என்று திருத்திக்கொள்ளலாம்.